அணைக்கக் கூடாத ஆறு வண்டிகள்

மாஷானில் யாருடைய போன் சார்ஜ் ஏற மறுத்தாலும் பழி தோங் மாஸ்டர் தலையில்தான் விழும். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதில் நியாய அநியாயம் கிடையாது. "பேட்டரி பண்றது நீங்கதானே" என்று போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். பொதுக் குளியல் கூடத்தில் அவர் துண்டுகூட இல்லாமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்தபோதும் நீட்டியிருக்கிறார்கள். தான் பேட்டரி பண்ணுவதில்லை, பேட்டரிக்குள் போகிற கரிப்பொடிக்கு மேல்பூச்சு போடுகிறவன் மட்டும்தான் என்று அவர் பொறுமையாக விளக்குவார். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பூச்சையாவது கொஞ்சம் நல்லாப் போடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

முழுப்பெயர் தோங் ஷிலின். அப்பா லியுமாவ் கிராஃபைட் சுரங்கத்தில் வெடி வைத்தவர். மகனும் பள்ளிக்கூடத்தோடு தகராறு முடிந்ததும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எங்கள் மலையைக் குடைந்து எடுத்த கிராஃபைட் பென்சிலுக்கும் இரும்பு உருக்கும் மூசைக்கும் போனது. பனிகூட எங்கள் ஊரில் சாம்பல் நிறமாகத்தான் பெய்யும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பெய்வதென்னவோ வெள்ளையாகத்தான், விழுந்தபிறகுதான் அது எங்கள் ஊர்ப் பனி ஆகும். பிறகு ஒருநாள் உலகத்துக்குத் திடீரென்று பேட்டரி தேவைப்பட்டது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை முளைத்தது, தோங் ஷிலின் பூச்சுப் பிரிவில் சேர்ந்து மாஸ்டர் ஆனார்.

வேலை சொல்வதற்குச் சுலபம். உருண்டையாக அரைத்த கிராஃபைட் பொடியோடு தார்ப்பொடியைக் கலக்க வேண்டும். வெப்பம் தாங்கும் பெட்டிகளில் கொட்டி, காற்றுப் புகாத நீளச் சூளைக்குள் நைட்ரஜன் ஓட விட்டுச் சுட வேண்டும். தார் உருகி, ஒவ்வொரு துகளையும் சுற்றிப் படிந்து, கரியாகி இறுகும். குச்சியில் செருகிய காட்டுப்பழத்தின் மேல் சர்க்கரைப் பாகு பிடிப்பது போல என்பார் மாஸ்டர். பூச்சு இல்லாத கிராஃபைட்டுக்கு ஓரத்தில் மட்டும்தான் வாசல், மின்சாரத்தைச் சுமந்து வரும் லித்தியம் வரிசையில் நின்றுதான் உள்ளே போக வேண்டும். பூச்சு இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். அதனால்தான் வண்டி சீக்கிரம் சார்ஜ் ஆகிறது. இந்த விளக்கத்தைத் தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

தார்ப்பொடி பட்ட தோல் வெயிலில் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். ஆகவே கோடையிலும் அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். நகக்கண்ணிலிருந்த கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. இந்த இரண்டையும் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அவருடைய குறையெல்லாம் பூச்சின் அருமை ஊருக்குப் புரியவில்லையே என்பதுதான்.

புரிய வைப்பதற்காகவே மின்சாரக் கார் வாங்கினார். தம் சூளையில் வெந்த கரிதான் அந்தக் காரின் பேட்டரிக்குள் இருக்கிறது என்று அவருக்கு உறுதி. கார்க் கம்பெனியோ பேட்டரிக் கம்பெனியோ அப்படிச் சொன்னதில்லை. அவரே போட்டுப் பார்த்த கணக்கு அது. கோடை முழுக்க, அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் எல்லைப் பெட்ரோல் பங்க்குக்குப் போவார். அங்கே இருக்கும் சார்ஜ் கம்பத்தில் வண்டியை மாட்டிவிட்டு எதிர்க்கடையில் ஆளுக்கொரு கிண்ணம் குளிர் நூடுல்ஸ் வாங்கித் தருவார். தின்று முடித்து வந்தால் வண்டி கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். "பார்த்தியா" என்பார். பார்த்ததில் மயங்கிப் பூச்சுப் பிரிவில் இன்னும் ஐந்து பேர் அதே காரை வாங்கினார்கள். சிலர் நூடுல்ஸுக்குப் பயந்து வாங்கியதாகவும் பேச்சு உண்டு.

பூச்சுக்கு அடுத்தபடியாக அவர் மனதில் இருந்தது ஒரே மகள் சியு. அடுத்தபடி என்று சொன்னது தப்பு. சியுதான் முதலில், ஆனால் பூச்சைப் பற்றிப் பேச முடிந்த அளவு மகளைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வராது.

சியுவுக்கு ஒருமுறை கல்யாணம் ஆகியிருந்தது. மரவாடி வைத்திருந்த ஒருவனுக்கு எல்லாச் சடங்கும் பிசகாமல் செய்து கொடுத்தார்கள். மணமகள் வண்டி கிளம்பியதும் பின்னால் ஒரு பாத்திரம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம், கொட்டிய தண்ணீர் போல அவளும் திரும்பி வராமல் அங்கேயே நிலைக்கட்டும் என்று அர்த்தம். அவள் அம்மா யுன் அதையும் ஊற்றினாள். முதல் குளிர்காலத்திலேயே சியு போன் செய்து, அவன் குடித்தால் கை நீட்டுகிறான், வந்துவிடட்டுமா என்று கேட்டாள். தோங் மாஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் பாரு என்றார். அவள் பார்த்தாள். அடுத்த குளிர்காலமும் பார்த்தாள். பிறகு யாரிடமும் கேட்காமல் ஒரு மர லாரியில் ஏறி, மணிக்கட்டில் கட்டோடு வந்து இறங்கினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் போன் பேச்சை நினைக்காத நாள் அவருக்கு இல்லை. நினைத்தாரே தவிர மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதே பூச்சுப் பிரிவில் சூளை பழுது பார்க்கிற பாங் லெய்க்குச் சியுவைப் பிடித்துப்போனது. சியுவுக்கும் அவனைப் பிடித்திருந்தது, முக்கியமாக அவன் அதிகம் பேசாதது. வீடு மலைக்கு அந்தப் பக்கம் லின்கோவில். கல்யாணப் பேச்சு ஒரே இடத்தில்தான் முட்டியது. எங்கள் பக்கம் முதல் கல்யாணம் என்றால் சடங்கு மதியத்துக்கு முன்னால் முடிய வேண்டும், மறுமணம் என்றால் மதியத்துக்கு மேல். சியுவுக்கு இரண்டாவது, பாங் லெய்க்கு முதலாவது. மதியத்துக்கு மேலே வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் பேச மாட்டார்களே என்று பாங் லெய்யின் அம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். என் பெண் மிச்சம் மீதி இல்லை என்று தோங் மாஸ்டர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். இந்தத் தடவை ஒரு பிசகும் இருக்கக் கூடாது, ஒரு சாத்திரத்தையும் விடக் கூடாது, அப்போதுதான் மகள் மறுபடி கட்டோடு வந்து நிற்க மாட்டாள் என்பது அவர் எண்ணம். அது பகுத்தறிவுக்கு ஒத்துவராது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பயம் பயம்தான். அந்த அம்மாள் சரி என்றுவிட்டாள்.

பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பன்னிரண்டாம் மாதக் கடுங்குளிரில் வந்து விழுந்தது. ஊர்வலத்துக்குத் தோங் மாஸ்டர் ஆறு மின்சாரக் கார்களையும் ஏற்பாடு செய்தார். ஆறும் வெள்ளை, ஆறும் ஒரே மாதிரி, ஆறிலும் அவருடைய பூச்சு. மணமகள் வண்டியைத் தானே ஓட்டுவதாகவும் சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவனே கல்யாண வண்டி ஓட்டுவதை எந்த ஊரில் கண்டாய் என்று அவர் அக்கா ஷிரோங் தலையில் அடித்துக்கொண்டாள். இதன் பேட்டரியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்றார் அவர்.

கல்யாண வண்டிக்கு எங்களிடம் இரண்டு கட்டுப்பாடு. பெண்ணைக் கொண்டுபோய் விடும்வரை வண்டியை அணைக்கக் கூடாது. வந்த வழியே திரும்பவும் கூடாது. திரும்பினால் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்பார்கள். வழியில் பெண்ணின் கால் தரையில் படக் கூடாது என்பது தனி.

விடிவதற்கு முன்பே மாப்பிள்ளையும், அவனை அழைத்துவர முந்தின நாளே போயிருந்த ஆறு வண்டிகளும் லின்கோவிலிருந்து புதுச்சாலை வழியாக மாஷானுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் ஆறும் வரிசையாக நின்றன, அணைக்காமல். ஆனால் மின்சார வண்டி நின்றால் சத்தமே வராதே. அணைத்திருக்கிறதா இல்லையா என்று எவருக்கு எப்படித் தெரியும் என்று ஷிரோங் அக்கா சந்தேகம் கிளப்பினாள். நியாயமான சந்தேகம்தான். ஆகவே ஊருக்குத் தெரியட்டும் என்று ஆறு வண்டியிலும் முகப்பு விளக்கைப் போட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, பாட்டையும் வைக்கச் சொன்னார் தோங் மாஸ்டர்.

உள்ளே வழக்கமான விளையாட்டு நடந்தது. தோழிகள் கதவை அடைத்துக்கொண்டு பணம் வைத்த சிவப்பு உறை கேட்டார்கள், மாப்பிள்ளை கதவிடுக்கில் நீட்டிக்கொண்டே இருந்தான். பிறகு மணமகளின் சிவப்புச் செருப்பை ஒளித்து வைத்துத் தேடச் சொன்னார்கள். பாங் லெய் சூளையில் விரிசல் தேடுகிற ஆள், பொறுமையாக ஒவ்வொரு இடமாகத் தேடினான். அது ஊறுகாய் முட்டைக்கோஸ் ஜாடிக்குள் பையில் கட்டிக் கிடந்தது. எடுப்பதற்குள் வெளியே ஆறு வண்டியும் வெறும் தெருவைச் சூடாக்கிக்கொண்டு ஆறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன.

குளிரில் பேட்டரி எப்படி இளைக்கும் என்று தோங் மாஸ்டருக்குத் தெரியாதா? ஊரில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். அன்று காலை அவருக்குச் சாத்திரம் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை, அவ்வளவுதான். அன்று காலையில்தான் முதல் முறையாக 'அப்பா' என்று கூப்பிட்டு உறை வாங்கிக்கொண்ட பாங் லெய், கிளம்பும்போது பழக்கதோஷத்தில், மாஸ்டர் ஹீட்டரையாவது குறைக்கலாமே என்றான். என் பெண் மெல்லிசுக் கவுனில் உட்கார்ந்திருக்கிறாள், பேசாமல் ஏறு என்றார் அவர். யுன் வாசலில் நின்றாள். இந்தத் தடவை அவள் தண்ணீர் ஊற்றவில்லை. பாத்திரம் எங்கே என்று ஷிரோங் அக்கா தேடியபோது, அதில் மாவு பிசைந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

புதுச்சாலையில் வந்தார்கள் என்பதால் பழைய மலைச்சாலை வழியாகத் திரும்பினார்கள். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்கின் சார்ஜ் கம்பம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை கம்பத்தைப் பார்த்தான். மாஸ்டரும் பார்த்தார். மணமகளை ஏற்றிக்கொண்டு வழியில் நிற்பது அழகில்லை என்று தோன்றவே வண்டியை நேரே விட்டார்.

மலை ஏற ஏற, பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பாதி மலைக்குமேல் அது எண் மாதிரியே நடந்துகொள்ளவில்லை, படியில் உருளும் உருளைக்கிழங்கு போல இறங்கியது. முதலில் பாட்டை நிறுத்தினார். பிறகு ஹீட்டரைக் குறைத்தார். பின்னால் வந்த வண்டி ஒன்று விளக்கைச் சிமிட்டியது, அதற்குப் பின்னாலிருந்ததும் சிமிட்டியது. தோங் மாஸ்டர் ஓரமாக நிறுத்தினார். மனதுக்குள் கணக்குப் போட்டார். லின்கோவுக்கு இது போதாது. பங்க்குக்குத் திரும்பினால் இறக்கம், போய்விடலாம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததால் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"திருப்பறதைப் பத்தி யாரும் பேசக்கூடாது," என்றாள் முன்சீட்டில் இருந்த ஷிரோங் அக்கா. யாரும் பேசியிருக்கவில்லை.

லின்கோவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணனின் பெட்ரோல் வேனை வரச்சொல்லி, சியுவை அதில் மாற்றி ஏற்றலாமா என்று பாங் லெய் கேட்டான்.

"நடுவழில வண்டி மாத்தினா என்ன அர்த்தம் தெரியுமா? பொண்ணுக்கு ரெண்டாங் கல்யாணம்னு அர்த்தம்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காருக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எப்படியும் அந்த வேன் வந்து சேர்வதற்குள் எல்லாரும் விறைத்துப்போயிருப்பார்கள் என்று பாங் லெய் கொஞ்சம் கழித்துச் சொன்னான். தோங் மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். முன்னே போனால் வண்டி மலை உச்சியில் செத்துப்போகும். பின்னே போனால் மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே திருப்பி விடுகிற மாதிரி. மதியமும் தவறும். மகளுக்காக அவர் கெட்டியாகப் பிடித்திருந்த இரண்டும் ஒரே பேட்டரியில் போகப்போகின்றன, அதுவும் அவரே பூச்சுப் போட்ட பேட்டரியில். அவருக்கு அழுகை வந்தது. அக்கா பக்கத்தில் இருந்ததால் இருமினார்.

பின்சீட்டிலிருந்து சியு பேசினாள்.

"அப்பா, போன தடவை நாம எங்கயாவது திரும்பினோமா?"

"இல்ல," என்றார்.

"வண்டிய அணைச்சோமா? மதியத்தைத் தாண்டினோமா? என் கால் தரையில பட்டுதா?"

"இல்லம்மா."

"அம்மா தண்ணி கூட ஊத்தினாங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணோம். அப்புறமும் நான் மரலாரில வந்தேன்ல? வண்டியத் திருப்புங்கப்பா. எனக்குக் குளிருது."

ஷிரோங் அக்கா எதையோ சொல்ல வாயெடுத்து, பனியில் மூடியிருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். தோங் மாஸ்டர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமில்லை, அவளுக்கு நிஜமாகவே குளிர்ந்தது. அவர் ஒடித்து, பின்னுக்கு எடுத்து, மறுபடி ஒடித்து அந்தக் குறுகிய சாலையில் வண்டியைத் திருப்பினார். பின்னாலிருந்த ஐந்து வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. எதிரே வந்த ஒரு பன்றி லாரி, சிவப்புப் பூ கட்டிய ஆறு வெள்ளைக் கார்கள் சத்தமே இல்லாமல் ஊர் திரும்புவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது.

பங்க்கில் கம்பம் இருந்தது, ஆனால் வேலை செய்யும் முனை இரண்டுதான். மாட்டிய பிறகும் எண் அசையவில்லை. பேட்டரி விறைத்துக் கிடந்ததால் வந்த மின்சாரம் முதலில் அதைச் சூடாக்குவதற்கே போய்க்கொண்டிருந்தது. குளிரில் அவசரப்படுத்தினால் லித்தியம் துகளுக்குள் நுழையாமல் வெளியிலேயே படிந்துவிடும், எத்தனை பூச்சுப் போட்டாலும் அதுதான் கதி, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று மாஸ்டர் மாப்பிள்ளையிடம் சொன்னார். தெரியும் மாஸ்டர் என்றான் அவன். தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

எல்லாரும் பங்க்கின் கடைக்குள் அடைந்துகொண்டார்கள். சியு கவுனுக்கு மேல் மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெந்நீரில் சுட வைத்த சாஸேஜ் ஒன்றைத் தின்றாள். கடைக்காரரின் வானொலி மதியச் செய்தி வாசித்தது. மதியச் செய்தி என்றால் மதியம் ஆகிவிட்டது என்று அர்த்தம். கடையில் எல்லாரும் அதைக் கேட்டார்கள், சியு இன்னொரு சாஸேஜ் கேட்டாள்.

தோங் மாஸ்டர் உள்ளே வரவில்லை. கம்பத்தின் பக்கத்தில், புருவத்தில் உறைபனியோடு, எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே நூடுல்ஸ் கடை குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்தது. யுன் வெளியே வந்து சற்றுநேரம் கூட நின்றாள்.

"உள்ள வாங்க. நீங்க மொறைச்சா அது வேகமா ஏறாது," என்றாள்.

"நான்தான் அன்னைக்கு அவளை இருக்கச் சொன்னேன்," என்றார் அவர். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

"நானுந்தான் தண்ணி ஊத்தினேன்," என்றாள் யுன். பிறகு இருவரும் உள்ளே போனார்கள்.

இரண்டு வண்டிக்குப் போதுமான அளவு ஏறியதும் ஆறு வண்டி ஜனமும் அந்த இரண்டில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டது. லின்கோ போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகளில் பாதிப்பேர் குளிர்ப் பதார்த்தங்களைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களுக்கும் எழுந்து போகலாமா என்ற முகம். பாங் லெய்யின் அம்மா படியில் நின்றிருந்தாள். தோங் மாஸ்டர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். காரணம் சொல்ல வேண்டியிருந்ததால் கிராஃபைட்டிலிருந்து தொடங்கினார். அவள் நடுவிலேயே கையமர்த்தி, சூப் மறுபடி சுட வைத்தாயிற்று, ஆறுவதற்குள் முடித்துவிடலாம், வாருங்கள் என்றாள். விழாவை நடத்துகிறவன் எழுதி வைத்திருந்தபடியே 'இந்த இனிய காலை வேளையில்' என்று தொடங்கினான். யாரும் திருத்தவில்லை.

அப்பாவும் மகளும் மண்டபக் கதவுக்கு வெளியே நின்றார்கள். இசை தொடங்கியதும் கதவு திறக்கும், அவர் அவளைக் கூட்டிப்போய்ப் பாங் லெய்யின் கையில் ஒப்படைக்க வேண்டும். அவர் தன் கறுத்த விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த இடத்தில் அப்பாக்கள், அனுசரித்துப் போம்மா என்று சொல்வது வழக்கம். போன தடவை அவரும் அதைத்தான் சொன்னார்.

"சியு," என்றார் தோங் மாஸ்டர், கதவைப் பார்த்தபடியே. "ஏதாவது ஒண்ணுன்னா திரும்பி வந்துடும்மா. பொறுத்துப் பார்க்காத. கேக்கக்கூட வேணாம். ஒரு போன் பண்ணு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

சியு கண்ணைத் துடைத்தால் மை அழியும் என்று தலையை அண்ணாந்துகொண்டாள்.

"அந்த வண்டிலயா?" என்று கேட்டாள்.

தோங் மாஸ்டர் யோசித்தார். உள்ளே இசை தொடங்கியது.

"இல்ல," என்றார். "டீசல் பஸ்ல வர்றேன்."